மனைக்கேற்ற கோழி

பொழுது புலரப் போவதை ஊருக்கு முதலில் உரைப்பது சேவல். கடிகாரம் இல்லாத காலத்தில் உழவர் ஏர் பூட்டியதும், மகளிர் தயிர் கடையத் தொடங்கியதும் அதன் குரலைக் கேட்டேயாம். முருகப்பெருமானின் கொடியில் அதற்கு இடம் அளித்தனர் நம் முன்னோர். சோழரின் பழைய தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் வழங்கியது. கோழி ஒன்று யானையை எதிர்த்துப் பொருது வென்ற இடம் அது என்பது அப்பெயருக்குக் கூறப்படும் கதை.

தொல்காப்பியத்தின் மரபியல், பறவைகளின் இளமைக்கும் ஆண்மைக்கும் பெண்மைக்கும் உரிய பெயர்களை வகுத்துரைக்கிறது. பார்ப்பு, பிள்ளை என்பன இளமைப் பெயர்கள். சேவல் என்பது ஆண்பாற் பெயர். பேடை, பெடை என்பன பெண்பாற் பெயர்கள். இவற்றோடு அளகு என்னும் பெயர் ஒன்றும் உண்டு. அது கோழிக்கும் கூகைக்குமே உரியது. ஏனைய பறவைகளுக்கு ஆகாது என்று அந்நூல் வரையறுக்கிறது. கோழியின் பெண்ணுக்கு இவ்வாறு சிறப்புப் பெயர் அமைந்தது எக்காரணத்தால் ஆயினும் ஆகுக. வீட்டுக் கோழிக்கூட்டத்தின் உயிர் அந்த அளகினிடத்திலேயே இருக்கிறது என்பதை இப்பாடத்தின் முடிவில் நாம் தெளிவாக அறிவோம்.

நீலகிரி மாவட்டத்தில், உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் எமரால்டு என்னும் சிற்றூர் உள்ளது. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் நிறைவேறியபோது, இங்கே அணை ஒன்று எழுந்தது. அணையைச் சூழ்ந்த சரிவுகளில் தேயிலையும், உருளைக்கிழங்கும், காரட்டும், முட்டைக்கோசும் விளைகின்றன. மார்கழி, தை மாதங்களின் இரவுகளில் புல்லின்மேல் உறைபனி வெண்மையாகப் படியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்து நாள்கணக்கில் மழை விடாது பொழியும். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அண்மையிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை பெய்தது. மண்சரிவால் மலைச் சாலைகள் பல அடைபட்டன.

இத்தகைய ஊரில் ஒரு குடும்பம் கோழி வளர்க்க விரும்புகிறது எனக் கொள்வோம். சமவெளியிலிருந்து குஞ்சும் தீவனமும் ஏற்றிய வண்டி எப்போதும் தவறாது வரும் என்று அக்குடும்பம் நம்பியிருத்தல் இயலாது. ஆகவே, அதற்கு வேண்டுவது முட்டையும் இறைச்சியும் தருவதோடு தன் வழித்தோன்றலையும் தானே உண்டாக்கிக்கொள்ளும் கோழிக்கூட்டம். முதலில் ஒரு முறை வாங்கியபின், ஆண்டுதோறும் குஞ்சு வாங்க வேண்டாத அத்தகைய கூட்டத்தையே தன்னிறைவுக் கூட்டம் என்கிறோம். அதற்கு எவ்வினக் கோழியைத் தேர்ந்தெடுப்பது? இதுவே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

இனங்கள் தோன்றிய வகை

வீட்டுக் கோழி காட்டுக் கோழியினின்றும் வந்தது. அதன் முதன்மையான முன்னோர் தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி ஆகும். எனினும், நீலகிரிச் சோலைகளில் இன்றும் குரல் கொடுக்கும் சாம்பல்நிறக் காட்டுக்கோழிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பல இனக் கோழிகளின் மஞ்சள்நிறத் தோலுக்கும் காலுக்கும் காரணமான மரபுக்கூறு, சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ஆம் ஆண்டில் அறிஞர் கண்டறிந்தனர். நம் மலைக்குரிய பறவை உலகெங்கும் உள்ள கோழிகளிற் பலவற்றிற்குத் தன் அடையாளத்தை ஈந்திருக்கிறது என்பது வியப்பிற்குரியதன்றோ?

காட்டுக்கோழி ஆண்டில் சில முட்டைகளையே இடும். இட்டவற்றை அடைகாத்துக் குஞ்சாக்கும். மனிதன் தன் தேவைக்கேற்பப் பெற்றோரைத் தெரிந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினான். மிகுதியாக முட்டையிடும் கோழி வேண்டும் என்று தெரிந்தெடுத்தவன் ஓர் இனத்தை உண்டாக்கினான். விரைவில் எடை கூடும் கோழி வேண்டும் என்றவன் மற்றோர் இனத்தை உண்டாக்கினான். ஆயின், ஒன்றைப் பெற்றபோது மற்றொன்றை இழக்க நேர்ந்தது.

வெள்ளை லெகார்ன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இத்தாலி நாட்டின் லிவோர்னோத் துறைமுகத்தின் பெயரால் வழங்குவது இது. நாமக்கல் வட்டாரத்தின் பெரும் பண்ணைகளில் வளரும் முட்டைக்கோழிகள் இவ்வின வழியில் வந்தவையே. நல்ல தீவனமும் பாதுகாப்பும் பெற்றால் ஆண்டுக்கு 300 முட்டை அளவிற்கும் இடவல்லவை. ஆனால், அவை அடைக்கு அமர்வது மிகவும் அரிது. அடைக்கு அமரும் கோழி அந்நாள்களில் முட்டையிடாது. ஆதலின், முட்டையே வேண்டியவர் அடைகாக்கும் இயல்பை இவ்வினத்திடமிருந்து தலைமுறைதோறும் களைந்துவிட்டனர். அவ்வேலையைப் பொரிப்பகத்தின் இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

இழந்த இயல்பு முற்றும் அழிந்துவிடுவதில்லை. அடைகாக்காத இனங்கள் இரண்டைக் கலந்தபோது, அவற்றின் வழித்தோன்றல்கள் அடைக்கு அமர்ந்தமையைச் சார்லஸ் டார்வின் 1868-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். ஆயினும், எப்போதோ திரும்பக்கூடிய இயல்பை நம்பி ஒரு குடும்பம் கோழி வளர்த்தல் ஆகாது.

அடைகாக்கும் அளகு

அடைகாத்தல் என்பது முட்டையின்மேல் வாளா அமர்ந்திருத்தல் அன்று. அளகு தன் மார்பின் இறகை உதிர்த்து, வெறுந்தோல் முட்டையில் படியுமாறு அமர்கிறது. நாள்தோறும் பலமுறை முட்டைகளைத் திருப்பி வைக்கிறது. இரையெடுப்பதற்குச் சிறிது நேரமே எழுகிறது. 21 நாள் இவ்வாறு தவங்கிடந்து குஞ்சு பொரிக்கிறது. இத்துடன் அதன் கடமை முடிவதில்லை. பிறந்த குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். எமரால்டின் குளிரிரவில் அவ்வெப்பத்தைத் தருவது எது? மின்விளக்கு தரும், ஆனால், புயலில் மின்கம்பி அறுந்தால் விளக்கு அணையும், ஓரிரவில் குஞ்சுகள் விறைத்து மடியும். தாயின் சிறகு அணையாத விளக்கு. பருந்தின் நிழல் கண்டவுடன் குஞ்சுகளை ஒளிந்துகொள்ளச் செய்வதும், எதனை உண்ணலாம் என்று கொத்திக் காட்டுவதும் அத்தாயே. 'கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது' என்னும் பழமொழி, அதன் கண்டிப்பையும் கனிவையும் ஒருங்கே உணர்த்தும்.

ஆகவே, தன்னிறைவுக் கூட்டத்திற்கு முதல் தகுதி அடைகாக்கும் இயல்பு என்று கொள்க. இதனோடு, மலையின் குளிரையும் ஈரத்தையும் தாங்குதல், மேய்ந்து இரை தேடுதல், பெற்றோரை ஒத்த குஞ்சு ஈனுதல் ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். இந்நான்கு அளவுகோல்களால் சில இனங்களை அளந்து காண்போம்.

இனங்களை அளத்தல்

கடைகளில் மிகுதியாக விற்கப்படுவது பிராய்லர் என்னும் கறிக்கோழி. ஆறேழு வாரங்களில் இரண்டு கிலோகிராமிற்கு மேல் வளரும். அத்துணை விரைவாக வளரும் உடலுக்கு உயிர்வளி மிகுதியாக வேண்டும். உயர்ந்த மலைகளிலோ காற்று அடர்த்தி குறைந்தது. குளிரும் சேர்ந்தால் உயிர்வளித் தேவை பின்னும் கூடும். அதனால் நெஞ்சு களைத்து, வயிற்றில் நீர் கோத்து, கோழி இறக்கும். தென் அமெரிக்காவின் மலைநாடுகளில் இந்நோய் முன்னரே பெரிதும் அறியப்பட்டது. மேலும், இக்கோழி பல வழிகளின் கலப்பாற் பிறந்தது. தன்னை ஒத்த குஞ்சை ஈனாது. எனவே, எமரால்டின் தன்னிறைவுக் கூட்டத்தில் இதற்கு இடமில்லை.

அடுத்து, புறக்கடை வளர்ப்பிற்கென்றே உருவாக்கிய கோழிகளைக் காண்போம். ஐதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி நிறுவனம் வனராஜா, கிராமப்பிரியா என்பவற்றை உருவாக்கியது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் கிரிராஜாவை அளித்தது. 1989-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் என்னும் பெயரால் கோழி வகைகளைத் தந்துள்ளது. இவை யாவும் ஏழைக் குடும்பங்களின் வருவாயைப் பெருக்கும் நோக்கத்துடன் தோன்றியவை. நாட்டுக்கோழியினும் மிகுதியாக முட்டையிடுபவை. ஆயின், இவற்றுள் வனராஜா போன்ற கலப்பு வகைகளின் சிறப்பு முதல் தலைமுறைக்கே உரியது. 1866-ஆம் ஆண்டில் மெண்டல் என்னும் துறவி தம் பட்டாணிச் செடி ஆராய்ச்சியை வெளியிட்டார். கலப்பிற் பிறந்தவற்றின் வழித்தோன்றல்களில் முன்னோர் பண்புகள் பிரிந்து வெவ்வேறாக வெளிப்படும் என்பது அதனால் விளங்கியது. கோழிக்கும் இவ்விதி பொருந்தும். வனராஜாவின் குஞ்சு வனராஜாவாக வளரும் என்று எதிர்பார்த்தல் கூடாது. ஆண்டுதோறும் குஞ்சு பெறும் வாய்ப்புடையவர்க்கு இவை நல்லவை, அவ்வாய்ப்பில்லாதவர்க்குப் போதா.

ரோடு ஐலண்டு ரெட் என்னும் செங்கோழி, அமெரிக்காவின் ரோடு ஐலண்டு மாநிலத்தில் உழவரின் முற்றங்களில் தோன்றியது. பனி பொழியும் நாட்டில் பிறந்ததாதலின் குளிர் தாங்கும். முட்டை, இறைச்சி இரண்டும் தரும். தூய இனமாகையால் பெற்றோரை ஒத்த குஞ்சுகளே பிறக்கும். குறை ஒன்றுண்டு, இதன் பேடைகளில் மிகச் சிலவே அடைக்கு அமரும்.

இனி, நம் நாட்டுக் கோழிகளுக்கு வருவோம். சிறுவிடைக் கோழி உருவிற் சிறியது. பேடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையே இருக்கும். குப்பையைக் கிளறியும், புழு பூச்சிகளைப் பொறுக்கியும் தன் வயிற்றைத் தானே நிரப்பிக்கொள்ளும். பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை இட்டவுடன் அடைக்கு அமர்ந்துவிடும். அதனால், ஆண்டிற்கு 60 முதல் 80 முட்டைகளே கிடைக்கும். மண்ணின் நிறத்தை ஒத்த இறகு இருப்பின் பருந்தின் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது.

பெருவிடை என்பது அசில் இனம். நீண்ட காலும் நிமிர்ந்த நடையும் உடையது. சேவல் நான்கு கிலோகிராமிற்கு மேலும் வளரும். பேடை ஆண்டுக்கு நாற்பதை ஒட்டியே முட்டையிடும். ஆனால், அடைகாப்பதிலும் குஞ்சுகளைக் காப்பதிலும் அதனை மிஞ்சுவது அரிது. அதன் கொண்டை சிறியது. ஆதலின் உறைபனியால் ஊறு நேர்வதும் குறைவு. சேவல்கள் ஒன்றையொன்று கண்டாற் பொருதுமாதலின், ஒரு முற்றத்தில் இரண்டை வைத்தல் இயலாது.

கழுத்தறுப்பான் கோழிக்குக் கழுத்தில் இறகு இராது. உடலிலும் இறகு குறைவு. உடல் வெப்பம் எளிதில் வெளியேறுவதால், சமவெளியின் கோடைக்கு ஏற்றது. அக்காரணத்தாலேயே எமரால்டின் குளிருக்கு ஏலாதது. ஓர் இடத்திற் குணமாவது மற்றோர் இடத்திற் குற்றமாதலை இதனால் அறிக.

ஒரு சிறு கணக்கு

இவ்வளவும் கண்டபின், 'அடைகாப்பவை முட்டை குறைய இடுகின்றன, மிகுதியாக இடுபவை அடைகாப்பதில்லை, என் செய்வது?' என்று நீங்கள் வினவலாம். விடை கணக்கில் இருக்கிறது.

பத்துப் பேடைகள் உள்ள கூட்டத்தில், ஆண்டிற்கு மூன்று அல்லது நான்கு பேடைகள் முதுமையாலும் பிறவற்றாலும் கழியும். நான்கு இளம் பேடைகளை அவற்றின் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒருமுறை 12 முட்டைகளாக, இரண்டு அளகுகள் 24 முட்டைகளை அடைகாக்கட்டும். நான்கில் மூன்று பங்கு பொரித்தால் 18 குஞ்சுகள். அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு கீரிக்கும் பருந்துக்கும் நோய்க்கும் இரையானாலும் 12 எஞ்சும். பாதி பேடை எனின் ஆறு. பாதி சேவல் எனின் ஆறு. நான்கு பேடைகள் கூட்டத்திற்குப் போக, இரண்டை விற்கலாம். சேவல்களுள் சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை உணவிற்குப் பயன்படுத்தலாம். இவ்வெண்கள் ஆண்டுக்காண்டு மாறும்; கணக்கிடும் முறையையே ஈண்டுக் காட்டினோம்.

இதனால் அறிவது யாது? பத்துப் பேடைகளும் அடைகாக்க வேண்டுவதில்லை, இரண்டு போதும், மூன்று இருப்பின் அச்சமில்லை. ஏழு செங்கோழிப் பேடைகளோடு ஒரு செங்கோழிச் சேவலையும், மூன்று சிறுவிடை அல்லது பெருவிடைப் பேடைகளையும் வைத்துக்கொள்ளலாம். செங்கோழியின் முட்டை பெரியது, பழுப்பு நிறத்தது. சிறுவிடையின் முட்டை சிறியது. ஆகையால் இரண்டையும் பிரித்தறிதல் எளிது. செங்கோழி இட்டதைச் சிறுவிடை பொரிக்கும். உருவிற் சிறிய சிறுவிடைக்குப் பெரிய முட்டைகளில் எட்டோ ஒன்பதோ வைத்து, மூன்றையும் அடைக்கு அமர்த்தினால் கணக்கு நேராகும். செவிலித்தாய் வளர்த்த செல்வியைப் பற்றி நம் இலக்கியங்களிற் படித்திருக்கிறீர்கள். கோழிக்கூட்டிலும் செவிலித்தாய் உண்டு.

எனினும், இம்முறை எல்லா வீட்டிற்கும் பொருந்தாது. செங்கோழி போன்ற பருத்த பேடை நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் வரை தீவனம் உண்ணும். பத்துக் கோழிக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோகிராமிற்கு மேலாகும். ஆண்டிற்கு 400 கிலோகிராமைக் கடக்கும். இதிற் பெரும்பகுதியை வாங்கவோ விளைவிக்கவோ இயலும் வீட்டிற்கே மேற்கூறிய கலந்த கூட்டம் ஏற்றது. இயலாத வீட்டிற்குச் சிறுவிடை மட்டுமே போதும். முட்டை குறையும், ஆயின், செலவும் குறையும். வெள்ளை லெகார்ன் பத்தினை வாங்கியவர் முதலாண்டில் முட்டை மிகுதியாகப் பெறுவர். ஆனால், குஞ்சில்லாமையால் சில ஆண்டுகளில் அவர்தம் கூடு வெறுங்கூடாகும்.

சேவலும் சுற்றமும்

எட்டு முதல் பத்துப் பேடைகளுக்கு ஒரு சேவல் போதும். அதன் குணம் எல்லாக் குஞ்சுகளிலும் பாதி கலப்பதால், தெரிவில் மிக்க கருத்து வேண்டும். நோயின்றி வளர்ந்ததாய், கால் வலியதாய், நல்ல தாயின் வயிற்றிற் பிறந்ததாய் இருத்தல் வேண்டும்.

ஒரே சேவலைப் பல ஆண்டு வைத்திருந்தால், அது தன் மகள்களோடும் பேர்த்திகளோடும் கூடும். நெருங்கிய உறவிற் பிறக்கும் குஞ்சுகள் வலியிழக்கும். முட்டைகள் பொரியாமற் போகும். ஆதலின், இரண்டாண்டிற்கு ஒருமுறையேனும் சேவலை மாற்றுக. எமரால்டில் உள்ளவர் இத்தலாரில் உள்ளவரோடும், இத்தலாரில் உள்ளவர் நஞ்சநாட்டில் உள்ளவரோடும் சேவலை மாற்றிக்கொண்டால் பணச்செலவின்றிப் புதுக்குருதி சேரும். மலைக்காற்றிலேயே பல தலைமுறை தப்பிப் பிழைத்த கோழியின் குஞ்சு, சமவெளியிலிருந்து நேற்று ஏறி வந்த குஞ்சினும் நம்பத்தக்கது என்பதையும் மறத்தலாகாது.

காப்பன சில

எவ்வளவு சிறந்த இனமாயினும் காவலின்றி வாழாது. மலைக்கோழிக்குக் குளிரினும் ஈரமே கொடிய பகை. தரையினின்றும் உயர்த்தி, மழைச்சாரல் புகாமல், மேற்பகுதியிற் காற்று உலவுமாறு கூடு அமைத்தல் வேண்டும். இரவில் சிறுத்தையும் காட்டுப்பூனையும் வரும் இடமாதலின் கதவு வலியதாக இருத்தல் வேண்டும்.

காரட்டுத் தழையும் முட்டைக்கோசின் புறவிதழும் கோழிக்கு இடலாம். ஆனால், பூச்சிமருந்து தெளித்தவற்றை இடலாகாது. பசுமை படர்ந்த உருளைக்கிழங்கிலும் அதன் முளையிலும் சொலனின் என்னும் நஞ்சு உண்டு. உருளைக்கிழங்கு விளையும் ஊரில் இதனைக் கருத்தில் இருத்துக.

வெள்ளைக் கழிச்சல் என்னும் நோய், இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேட் என்னும் ஊரின் பெயராலும் வழங்கும். தடுப்பூசி இடாத கூட்டத்தில் இது புகுந்தால், சில நாள்களில் கூடு முழுவதும் வெறுமையாகலாம். பல்லாண்டு பேணிய மரபு ஒரு கிழமையில் அழியும். நாட்டுக்கோழிக்கு நோய் வாராது என்பது தவறான எண்ணம். கால்நடை மருந்தகத்தில் கேட்டு, குஞ்சுப் பருவத்திலும் பின்னரும் உரிய காலத்தில் தடுப்பு மருந்து அளிக்க வேண்டும். தன்னிறைவு என்பது பிறர் உதவியை வெறுத்தல் அன்று. பிறர் இல்லாதபோதும் நில்லாது நடக்கும் ஆற்றலைப் பெறுதலே அது.

முடிவு

'எந்தக் கோழி சிறந்தது?' என்று கேட்பது முறையான வினா ஆகாது. 'எந்த இடத்திற்கு, எந்த வீட்டிற்கு, எந்த நோக்கத்திற்கு?' என்று கேட்டல் வேண்டும். பண்ணைக்கு வெள்ளை லெகார்ன். கோடை வெயிலுக்குக் கழுத்தறுப்பான். எமரால்டின் சிறு முற்றத்திற்கோ அடைக்கு அமரும் அளகு. முட்டையை மட்டும் எண்ணுபவர் இன்றைய ஊதியத்தைக் காண்பார். அளகை எண்ணுபவர் நாளைய கூட்டத்தையும் காண்பார். ஆண்டுக்கு அறுபதே இடுகிறது என்று எளிதாக எண்ணப்படும் சிறுவிடையினிடத்தில், முந்நூறு இடும் கோழி இழந்துவிட்ட தாய்மை இருக்கிறது. கைவிட்ட இனத்தை மீண்டும் ஆக்குதல் எளிதன்று. ஆதலின், நம் முற்றங்களில் எஞ்சியிருக்கும் நாட்டுக்கோழிகளைப் பேணிக் காப்பது, நம் குடியைக் காப்பதன் ஒரு பகுதியாகும்.

பயிற்சி

1. தன்னிறைவுக் கோழிக்கூட்டம் என்பது யாது?
2. வெள்ளை லெகார்ன் மிகுதியாக முட்டையிட்டும் எமரால்டுக் குடும்பத்திற்கு ஏற்றதாகாமை ஏன்?
3. கழுத்தறுப்பான் கோழியின் குணம் மலையிற் குற்றமாகும் வகையை விளக்குக.
4. இருபது பேடைகள் உள்ள கூட்டத்தில் ஆண்டுக்கு எட்டுப் பேடைகள் கழியும் எனின், எத்தனை முட்டைகளை அடைக்கு வைத்தல் வேண்டும்? பாடத்திற் காட்டிய முறையிற் கணக்கிடுக.
5. உங்கள் ஊரில் வளரும் கோழி வகைகளைக் கண்டு, அவற்றின் பெயர்களையும் இயல்புகளையும் ஒரு பக்க அளவில் எழுதுக.